கீழறையில் இரண்டு கிளாஸ்

சென்ற வாரம் கண்ணாடிக்காரியைக் கீழறைப் படிக்கட்டில், கையில் டார்ச்சோடு நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். முதலில் அவளைக் கீழே இறக்கிவிடுவோம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலே வரி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அந்தப் பெயரை வைத்தவன் அவள் புருஷன், சர்வேயர். சாலை அளக்கப் போன இடத்தில் லாரி மோதி அவன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அவள் இன்னும் மாமனார் மாமியாரோடுதான் இருக்கிறாள். "போறியாம்மா?" என்று அவர்களும் கேட்கவில்லை, "போகிறேன்" என்று அவளும் சொல்லவில்லை. இப்போது பல் டாக்டர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். கடலோர ஊர் ஒன்றில் புது கிளினிக் திறந்து அங்கேயே குடிபோகிறார். போவதற்கு முன் பதில் வேண்டும். இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்.

பதில் சொல்ல என்ன தடை என்று கேட்கிறீர்களா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கீழறையில் தன் புருஷன் இருக்கிறான் என்று அவள் நம்புகிறாள்.

கீழறை என்பது மாடிப்படிக்கு அடியில் இறங்கும் சின்ன அறை. ஜன்னல் கிடையாது. எந்த வெயிலிலும் சில்லென்று இருக்கும். மாமா, அதாவது அவளுடைய மாமனார், ஒரு பெரிய ஓட்டலுக்கு முப்பது வருஷம் ஒயின் வாங்கிப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மரத் தட்டுகளில் பாட்டில்களைப் படுக்க வைத்திருப்பார். பச்சைப் பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துப் பார்த்து யாரும் படுக்க வைக்க மாட்டார்கள்.

கடைசித் தட்டில் இருப்பவை அவள் புருஷன் வைத்தவை. கல்யாணமான வருஷம் திராட்சைத் தோட்டத்துக்கே போய் ஒரு டஜன் வாங்கி வந்து, ஒவ்வொரு கார்க்கின் தலையிலும் தானே சிவப்பு மெழுகு உருக்கி ஊற்றினான். "பத்து வருஷம் எவனும் தொடக்கூடாது. பத்தாவது வருஷம் நீயும் நானும் முதல் பாட்டிலைத் திறக்கறோம்" என்றான். மூன்றாவது வருஷமே போய்விட்டான். இது பத்தாவது வருஷம்.

அதனால் அவள் ஒரு முடிவு கட்டியிருந்தாள். இன்று அந்த பாட்டிலைத் திறப்பது. அவன் வைத்ததை ஒரு வாய் குடிப்பது. குடித்த பிறகும் பல் டாக்டரிடம் 'சரி' என்று சொல்ல வாய் வந்தால் சொல்வது. வராவிட்டால் இந்த வீட்டிலேயே கிடந்து கிழவியாவது.

டார்ச்சை அடித்தாள். மூலையில், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மேஜைமேல் துணி விரித்து, இரண்டு கிளாஸ் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்றைத் தொட்டாள். ஈரம் இன்னும் காயவில்லை. காற்றில் ஒயின் வாசனை இருந்தது.

இது முதல் தடவை இல்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே காதில் 'ணங்' என்று கிளாஸ் சத்தம் கேட்கும். விடிந்து வந்து பார்த்தால் இப்படி இரண்டு கிளாஸ். ஒரு வார்த்தை மாமாவிடமோ அத்தையிடமோ கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சாதாரணக் காரணம் சொல்லிவிடுவார்களோ என்றுதான் அவள் கேட்கவில்லை. பேய் இருக்குமோ என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவள் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

"இன்னிக்கு உங்க பாட்டிலைத் திறக்கறேன்" என்றாள் இருட்டைப் பார்த்து. "கோபம்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் முணுமுணுக்கக் கூடாது."

மேலே சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

முந்தின நாளே கடைசித் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவள் நிமிர்த்தி வைத்திருந்தாள். வயசான ஒயினை அப்படித்தான் செய்ய வேண்டும். உள்ளே சேர்ந்திருக்கும் மண்டி அடியில் போய் உட்காரும். அதைக் கலக்காமல், நிறைகுடம் தூக்குகிறவள்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள்.

சமையலறையில் அத்தை ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் கையில் சிவப்பு மெழுகைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"இதைத்தான் திறக்கணுமா? பல் டாக்டருக்குப் பல்லு தெரியும், ஒயின் என்ன தெரியப்போகுது? தினப்படி போதாதா?"

தினப்படி என்று அந்த வீட்டில் சொல்வது, மளிகைக் கடையில் ஐந்து லிட்டர் கேனில் வரும் ஒயினை. தினம் சாப்பாட்டோடு குடிப்பது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று மாமா அதைச் செல்லமாகத் திட்டுவார், திட்டிக்கொண்டே குடிப்பார். நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு திட்டுவது மட்டும்தான்.

"அவருக்காக இல்ல அத்தை. எனக்காக."

"கார்க் இறுகிப் போயிருக்கும்மா" என்றார் மாமா. கிளாஸ்களைத் துணியால் துடைத்துக்கொண்டே, நிமிராமல். "உடைஞ்சா தூளெல்லாம் உள்ள விழுந்துரும்."

"வடிகட்டிக்கலாம்."

"வானம் வேற ஒரு மாதிரி இருக்கு."

"ஒயினுக்கும் வானத்துக்கும் என்ன மாமா?"

மாமா துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தார். ஒயினைப் பற்றி ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற மனுஷன். அத்தை அவரை முறைத்தாள், அவர் அத்தையை முறைத்தார். இரண்டு பேருக்கும் தன்னை அனுப்ப மனசில்லை, அதுதான் விஷயம் என்று கண்ணாடிக்காரி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சட்டை இஸ்திரி, தலை படிய வாரல், முகத்தில் மட்டும் ஊசியைப் பார்த்த பேஷண்டின் களை. கையில் ஒரு காகிதப் பை.

"பூ வாங்கலாம்னு போனேன். எந்தப் பூ பிடிக்கும்னு தெரியல. தெரியாத விஷயத்துல இறங்கக் கூடாதுன்னு..." என்று பையை நீட்டினார். உள்ளே மூன்று டூத்பிரஷ் இருந்தன.

"மென்மையான நாரா?" என்று அத்தை கேட்டாள்.

"ரொம்ப மென்மை. உங்க ஈறுக்குன்னே பார்த்து வாங்கினேன்."

"என் ஈறை எப்பப் பார்த்தீங்க?"

"போன தடவை நீங்க கொட்டாவி விட்டீங்க."

மாமா சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்திருப்பாள், நல்ல நாளாக இருந்திருந்தால். கண்ணாடிக்காரிக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க மனசு இளகியது. பல்லைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று வேண்டும் என்று கடைக்கு வந்தவர். காதுப் பக்கம் வளைத்துக் கொடுத்ததற்கு மூன்று தடவை நன்றி சொன்னவர்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம், எது எந்த பாட்டில் என்று தெரியாமலிருக்க, இரண்டு பாட்டிலுக்கு சாக்ஸ் மாட்டிக் கொண்டுவருவார் மாமா. ஒன்று தினப்படி, ஒன்று வயசானது. தினப்படிக்குப் பேரன் என்று பெயர், வயசானதுக்குத் தாத்தா. குடித்துப் பார்த்து எது யார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் எல்லார் கிளாஸையும் கழுவ வேண்டும். கண்ணாடிக்காரி கல்யாணமாகி வந்த புதிதில் வாரா வாரம் கழுவினாள். அவன் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுப்பான்.

இன்றைக்கு சாக்ஸ் மாட்டும்போது மாமா கை சரியாக ஓடவில்லை. மெழுகைக் கத்தியால் சுரண்டினார். கார்க் உடையவில்லை, இறுகவும் இல்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து, "அட, நல்லா வந்துருச்சே" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"டார்ச் நான் பிடிக்கறேன்" என்றாள் கண்ணாடிக்காரி.

வயசான ஒயினை ஊற்றும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் பிடிக்க வேண்டும். கடைசியில் மண்டி கறுப்பாக ஏறி வரும், அங்கே நிறுத்த வேண்டும். மாமா மெதுவாக ஜாடியில் ஊற்றினார். அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி இறங்கியது. முக்கால் இறங்கியது. மண்டி வரவில்லை. கடைசிச் சொட்டுவரை குழாய்த் தண்ணீர்போலத் தெளிவாக இறங்கி முடிந்தது.

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா காலி பாட்டிலைப் பார்த்தார்.

நிலைமை தெரியாமல் பல் டாக்டர் இரண்டு கிளாஸிலும் மாறி மாறி உறிஞ்சினார். வாய்க்குள் கொப்பளித்தார், தொழில் பழக்கம். விழுங்கிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"தப்பாச் சொன்னா கிளாஸ் கழுவணும்னு சொன்னாங்க. நான் இப்பவே கழுவிடறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. தாத்தாவும் பேரனும் இல்ல, இரட்டைப் பிள்ளைங்க."

யாரும் சிரிக்கவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். "என் நாக்குல ஏதாவது கோளாறா இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரி முதல் கிளாஸை எடுத்துக் குடித்தாள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் தண்ணி. ஐந்து லிட்டர் கேன். இரண்டாவதை எடுத்தாள். ஏழு வருஷமாகக் காத்திருந்த வாய். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அதே கேன். அவனில்லை. அவன் வாசனை இல்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், கோபம்தான் வந்தது.

"வேற பாட்டில் கொண்டு வர்றேன்" என்று எழுந்தாள்.

"இரும்மா, படி வழுக்கும், நானும் வர்றேன்" என்று மாமா பின்னாலேயே ஓடினார்.

கீழறையில் அவள் கடைசித் தட்டிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக உருவி டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். லென்ஸில் கீறல் பார்க்கிற கண். வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த பாட்டிலுக்கு ஒரு பக்கமாக மண்டிக் கோடு விழுந்திருக்க வேண்டும். ஒன்றில்கூட இல்லை. மெழுகைப் பார்த்தாள். பழைய மெழுகின்மேல் புது மெழுகு, கழுத்து வழியாக வழிந்து, கோணல்மாணலாக. அவன் ஊற்றினால் ஒரு சொட்டு வழியாது.

"யாரு மாமா?"

"மேல விருந்தாளி காத்திருக்காரு..."

"யாரு?"

மாமா படியில் உட்கார்ந்தார். "உங்க அத்தைதான். அவன் போன மறுவருஷத்துல ஆரம்பிச்சா. மனசு தாங்கலைன்னா ராத்திரி கீழ வருவா. ஒரு பாட்டிலைத் திறப்பா. ரெண்டு கிளாஸ் ஊத்துவா. ஒண்ணு அவ குடிப்பா. இன்னொண்ணை அவனுக்குன்னு வச்சுட்டுப் போய்ப் படுத்துக்குவா. பாட்டில் தீர்ந்தா தினப்படியை ஊத்தி, கார்க்கை அமுக்கி, மெழுகு வச்சிருவா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறா, அதுவும் யாருகிட்ட! மண்டின்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்கு ஞாபகம் வரல."

"பன்னிரண்டுமே போச்சா?"

"நல்லது தீர்ந்து ஒரு வருஷம் இருக்கும். இப்ப அவனுக்கும் தினப்படிதான் ஊத்தறா."

அவள் அந்த இரண்டு கிளாஸையும் பார்த்தாள். வாசனைக்கும் ஈரத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது. எதற்குப் பயந்தாளோ அதுவேதான், சாதாரணக் காரணம். ஆனால் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"அத்தை ஒரு கிளாஸ்தானே குடிப்பாங்க. அந்த இன்னொரு கிளாஸை யாரு குடிக்கறது?"

மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"முதல்ல நான்தாம்மா. மறுநாள் காலைல கிளாஸ் நிறைஞ்சபடியே இருந்ததைப் பார்த்துட்டு அவ அழுதா பாரு... அதை ரெண்டாவது தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அவ தூங்கினதும் நான் வந்து குடிச்சிட்டுப் போயிருவேன். மறுநாள் அவ முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும். அதுக்காக எவ்வளவு வேணா குடிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் எனக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆச்சா? ஒரு சொட்டு தொடக்கூடாதுன்னுட்டாங்க. சரி, கொட்டிடலாம்னு வந்தேன்."

"கொட்டினீங்களா?"

"எனக்கு முன்னாடியே நீ வந்து நின்னே."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "நானா? நான் எப்ப வந்தேன்?"

"கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஆனா நீ எதையும் பார்க்கல. என்னையும் பார்க்கல. கிளாஸை எடுத்துக் குடிச்சே. ரெண்டையும் கழுவினே. துணி விரிச்சு கவுத்தே. என்னைத் தாண்டிப் படியேறிப் போய்ப் படுத்துக்கிட்டே. அன்னிக்கு மட்டும் இல்ல. இவ ஊத்தற ராத்திரியெல்லாம் நீ வந்துடறே. வாசனையில எழுந்து வர்றியோ என்னவோ."

கண்ணாடிக்காரியும் படியில் உட்கார்ந்தாள். அந்த 'ணங்' சத்தம் அவள் கையிலிருந்தே வந்திருக்கிறது. இத்தனை நாள் யாரைக் காவல் காத்துக்கொண்டு இந்த வீட்டில் இருந்தாளோ, அது அவளேதான்.

"ஏன் மாமா எழுப்பல?"

"தூக்கத்துல நடக்கறவங்களை எழுப்பக் கூடாதுன்னு சொல்வாங்க. அதுவும் போக, குடிக்கும்போது நீ சிரிச்சே. அவன் போனதுக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கல."

"அவர் எனக்குன்னு வச்சது, ஒரு வாய்கூடக் குடிக்கக் கொடுத்து வைக்கலையேன்னு இப்பத்தான் மனசு வெந்துச்சு..."

"கடைசி நாலஞ்சு பாட்டில்ல பாதி நீதாம்மா குடிச்சே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் செய்தாள். எப்படி இருந்தது என்றுகூடத் தெரியாமல் குடித்திருக்கிறாள். நாக்கில் தேடிப் பார்த்தாள். தினப்படியின் புளிப்புதான் இருந்தது.

மாமா குரலைத் தாழ்த்தினார். "அத்தைகிட்ட இதைச் சொல்லிடாதே. அவன்தான் வர்றான்னு நம்பிட்டு இருக்கா. நீ போனதுக்கப்புறம் நான் கொட்டிக் கொட்டி சமாளிச்சுக்கறேன்."

"தொட்டில கொட்டினா அவங்களுக்கு வாசனை தெரியாதா? பக்கத்து வீட்டுல பால் பொங்கினா இங்கேருந்து அடுப்பை அணைக்கச் சொல்றவங்க."

"எங்கிட்ட எதை மறைக்கணும்?"

இரண்டு பேரும் திரும்பினார்கள். படியின் மேல் அத்தை நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும். நானும் ஒரு ராத்திரி அந்த மரத் தட்டுக்குப் பின்னால உட்கார்ந்து பார்த்தேன். பெத்தவளுக்குப் பார்க்கணும்னு இருக்காதா?"

"அத்தை, வந்தது நான்தான். தூக்கத்துல நடந்திருக்கேன். வியாதி. டாக்டர்கிட்டக் காட்டினா..."

"உடம்பு உன்னுது. யாரு இல்லேன்னா? நீ எந்தக் காலத்துல இடது கையால தண்ணி குடிச்சிருக்கே? அன்னிக்கு கிளாஸை இடது கையால எடுத்தே. தண்டைப் பிடிக்காம, அடித்தட்டை ரெண்டு விரலால பிடிச்சு. அவன் பிடிக்கற மாதிரி. சின்ன வயசுல அந்தக் கையை மாத்தச் சொல்லி எத்தனை அடி அடிச்சிருப்பேன், அந்தக் கை எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரி மாமாவைப் பார்த்தாள். "மாமா? நான் எந்தக் கையால எடுத்தேன்?"

மாமா பாட்டில்களை மறுபடி தட்டில் அடுக்க ஆரம்பித்தார். "வெளிச்சம் சரியா இல்லம்மா" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பதைச் சமையலறையில் வானத்தைப் பற்றிப் பேசியபோதே பார்த்தோம்.

அத்தை அருகில் வந்து மருமகள் கன்னத்தைத் தொட்டாள். அவள் விரலில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது.

"நீ கல்யாணம் பண்ணிக்கோ. நான் வேண்டாம்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். நல்ல மனுஷன், டூத்பிரஷ் வாங்கிட்டு வர்றான். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நீ போயிட்டா அவன் எதுல வருவான்?"

மாமா அடுக்கிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து பல் டாக்டர் குரல் கொடுத்தார்.

"கிளாஸெல்லாம் கழுவிட்டேன்! வேற ஏதாவது கழுவணுமா?"

கண்ணாடிக்காரி எழுந்தாள். இந்த வீட்டில் இருந்தால் அத்தை ஊற்றிக்கொண்டே இருப்பாள், இவள் நடந்துகொண்டே இருப்பாள். ஒரு நாள் இறங்கி வந்தவள் திரும்பித் தன் படுக்கைக்குப் போகாமலே போகலாம். அதை நினைக்கப் பயமாக இருந்தது. அத்தை யாரும் குடிக்காத அந்தக் கிளாஸுக்கு எதிரே தனியாக உட்காருவதை நினைக்க அதைவிட வலித்தது. இரண்டையும் சுமந்துகொண்டு படியேறினாள்.

பல் டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கடைசி கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் தூக்கத்துல நடக்கறேன். நடந்து போய் ஒயின் குடிக்கறேன். இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "என் பேஷண்ட்ல பாதிப் பேரு தூக்கத்துல பல்லைக் கடிக்கறாங்க. அதுக்கு நடக்கறது எவ்வளவோ தேவலை, உடம்புக்கு நல்லது." பிறகு அவள் முகத்தைப் பார்த்து விளையாட்டை விட்டார். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். படிக்கட்டு இல்லாத வீடாப் பார்க்கறேன். விழுந்து கிழுந்து வச்சா?"

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் தான் விழுவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது நியாயமில்லை, மாமா கவலைப்படுகிறவர்தான். ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

"சரி" என்றாள்.

"சரின்னா... சரியா?"

"சரின்னா சரிதான். திரும்பத் திரும்பக் கேட்டா மாத்திருவேன்."

மனுஷன் கையில் இருந்த கிளாஸைக் கீழே போட்டு உடைத்திருப்பார். நல்லவேளை, மாமா வந்து வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அவர் தோளைத் தட்டினார்.

அத்தை கடைசியாக மேலே வந்தாள். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பழைய துணியில் சுற்றி, கயிறு கட்டி, அதற்குள் எப்போது கட்டினாளோ. அழுதிருக்கவில்லை. மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள்போல முகம் காரியத்தில் இருந்தது. பொட்டலத்தை மருமகளிடம் நீட்டினாள்.

"கீழறைக் கிளாஸ். மூணு வச்சிருக்கேன். கொண்டு போ."

"மூணா?" என்றார் பல் டாக்டர் சிரித்தபடி. "நாங்க ரெண்டு பேருதானேம்மா. ஒண்ணு உடைஞ்சா மாத்தவா?"

"உடையாது" என்றாள் அத்தை. பிறகு அவரைப் பார்க்காமல் மருமகளை மட்டும் பார்த்துச் சொன்னாள். "மூணாவதை நிறைச்சு வச்சுட்டுப் படும்மா. எங்கிட்ட வராட்டாப் போகட்டும். எங்கேயாவது வந்து குடிச்சாச் சரி."

பல் டாக்டர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யாரு?" என்று கேட்டார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரி கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்ல மனசும் வரவில்லை. அதுதான் அவளுக்கு பயமாக இருந்தது.